கறுக்கும் தோலும் சிவக்கும் சிறுநீரும்: தொழுநோய் மாத்திரைகள் பற்றிக் கேட்டவர்களுக்கு

தேமலுக்கு என்ன தடவலாம் என்று கேட்டவர்களை மருத்துவரிடம் போகச் சொல்லிவிட்டேன். மாத்திரைக்குள் என்ன இருக்கிறது, அது உடம்பில் என்ன செய்கிறது என்று கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே பதில்.

என் தம்பி ஐந்து மாதமாகக் கூட்டு மருந்து சாப்பிடுகிறான். முகம் செம்பு நிறமாகி இப்போது கறுத்துவிட்டது. ஆவணியில் கல்யாணம். இரண்டு மாதம் நிறுத்திவைத்தால் பழைய நிறம் வருமா? (மேலூர்)

வராது. நிறுத்தினால் கறுப்பு போகாது, நோய்தான் திரும்பும்.

கூட்டு மருந்தில் க்ளோஃபாசிமின், ரிஃபாம்பிசின், டாப்சோன் என மூன்று உண்டு. இந்தக் கறுப்பு க்ளோஃபாசிமினின் வேலை. மூன்று வளையங்கள் ஒட்டிய ஃபீனசின் சட்டகமும், குளோரின் ஏறிய இரண்டு பென்சீன் வளையங்களும் சேர்ந்த சிவப்புச் சாயப்பொருள் அது. 1950களில் டப்ளினில் வின்சென்ட் பாரியின் குழுவினர் காசநோயை மனத்தில் வைத்துச் செய்தார்கள். பேர் வாங்கியது தொழுநோயில். தண்ணீரில் கரைய மறுக்கும், கொழுப்பில் கரையும். ஆகவே தோலடிக் கொழுப்பிலும், கிருமிகளை விழுங்கும் காவல் செல்களான, தொழுநோய்க் கிருமி குடியிருக்கும் மேக்ரோபேஜ்களிலும் போய்த் தங்கிவிடுகிறது. சுங்குடிச் சேலையில் ஏறிய சாயம் மாதிரி ஓர் அலசலில் போகாது: உடம்பில் இருப்பதில் பாதி குறையவே ஏறத்தாழ 70 நாள் ஆகும். கிருமி இருக்கும் இடத்திலேயே மருந்தும் நாள்கணக்கில் நிற்பதற்கும், முகம் கறுப்பதற்கும் காரணம் இந்த ஒரே குணம்தான். ஒன்றை விட்டு மற்றொன்றை வாங்க முடியாது.

வெயிலில் அலைவதைக் குறைக்கட்டும். வறண்ட தோலுக்குத் தேங்காய் எண்ணெய் போதும். சிகிச்சை முடிந்தபின் நிறம் மெல்லத் திரும்பும், ஓராண்டுகூட ஆகலாம். நிறத்தைத் தாங்கவே முடியாதவர்களுக்கு மினோசைக்ளின் அல்லது ஓஃப்ளாக்சசின் மாற்றாகத் தரும் வழி உண்டு. அதை மருத்துவர்தான் முடிவுசெய்ய வேண்டும். மினோசைக்ளினும் சிலருக்குத் தோலைக் கறுக்கவைக்கும் என்பது வேறு கதை. கல்யாண வீட்டில் யாராவது கேட்டால் சித்திரை வெயில் என்று சொல்லுங்கள். மதுரைப் பக்கத்தில் அதை யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள்.

மாதம் ஒருமுறை நர்ஸ் முன்னால் விழுங்கும் மருந்துக்குப் பிறகு சிறுநீர் சிவப்பாகப் போகிறது. ரத்தமா? (உசிலம்பட்டி)

ரத்தமல்ல, ரிஃபாம்பிசின். அதன் நாஃப்தலீன் பகுதிக்கே அந்த நிறம். ஓரிரு நாளில் தெளிந்துவிடும். பிரான்சின் தென்கரையில் எடுத்த மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து 1957இல் பிரிக்கப்பட்ட பொருளை, வாய்வழியே ஏறும்படி மாற்றியமைத்ததுதான் இது. கிருமியின் ஆர்.என்.ஏ. தயாரிப்பையே நிறுத்திவிடும். 600 மில்லிகிராம் ஒரு வேளைக்கே பெரும்பாலான கிருமிகள் மடிந்துவிடும். மூன்றில் மிகக் கொடியது இதுதான், கிருமிக்கு.

டாப்சோனும் சல்ஃபா மருந்தும் ஒன்றா? இவ்வளவு எளிய மூலக்கூறு எப்படி வேலை செய்கிறது? (பி.ஃபார்ம் மாணவி, பசுமலை)

ஒன்றல்ல, ஆனால் ஒரே இடத்தில்தான் கைவைக்கின்றன. இரண்டு பென்சீன் வளையங்கள், நடுவில் சல்ஃபோன், இரு முனைகளிலும் ஓர் அமினோ. டாப்சோன் இவ்வளவுதான். கிருமி ஃபோலிக் அமிலம் செய்யப் பயன்படுத்தும் பாரா அமினோ பென்சாயிக் அமிலத்தின் சாயல் இதற்கு இருப்பதால், டைஹைட்ரோடெரோயேட் சிந்தேஸ் என்ற நொதி ஏமாந்து இதைப் பிடித்துக்கொள்கிறது. நமக்கு ஃபோலேட் கீரையிலும் பருப்பிலும் வந்துவிடுகிறது. அந்த நொதியே நம்மிடம் கிடையாது.

1908இல் ஜெர்மனியில் ஃப்ரோம், விட்மன் இருவரும் இதைச் செய்தபோது நோய் எதுவும் அவர்கள் கணக்கில் இல்லை. 1941இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் கய் ஃபாஜெட் என்ற மருத்துவர் ஊசியாகப் போட்டது ப்ரோமின் என்ற சர்க்கரை சேர்த்த வடிவம். அதைச் சிரை வழியே நிறைய செலுத்த வேண்டும், செலவும் அதிகம். 1940களின் பிற்பாதியில் நம் செங்கல்பட்டில் ராபர்ட் காக்ரேன் என்ற மருத்துவர் தாய்மூலக்கூறான டாப்சோனையே கொடுத்துப் பார்த்தார். மலிவான மாத்திரைக்கு வழி பிறந்ததில் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு. பாடப்புத்தகங்கள் கார்விலோடு நின்றுவிடுவதில் எனக்கு வருத்தம் உண்டு.

அந்த மலிவே வினையானது. டாப்சோனை மட்டும் ஆண்டுக்கணக்கில் கொடுத்ததில், நொதியின் ஓரிரு அமினோ அமிலங்கள் மாறிய கிருமிகள் தப்பிப் பெருகின. 1964இல் மலேசியாவில் எதிர்ப்புத்திறன் நிரூபணமானது. 1981இல் உலக சுகாதார அமைப்பின் குழு கூட்டு மருந்தைப் பரிந்துரைத்ததற்கு அதுவே காரணம். மூன்றும் மூன்று இடத்தில் அடிப்பதால், ஒன்றுக்குத் தப்பியது மற்றொன்றில் சிக்கும்.

அம்மாவுக்கு டாப்சோன் தொடங்கிய பிறகு உதடு நீலம் பாய்கிறது, மூச்சு வாங்குகிறது. (வாடிப்பட்டி)

பதிலைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்காதீர்கள், பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். கல்லீரல் டாப்சோனின் அமினோ முனையில் ஆக்சிஜனை ஏற்றி ஹைட்ராக்சிலமீனாக மாற்றுகிறது. அது ஹீமோகுளோபினின் இரும்பைக் கெடுத்து, ஆக்சிஜன் சுமக்க முடியாத மெத்ஹீமோகுளோபினாக்கிவிடும், சிவப்பணுக்களும் உடையும். ஜி6பிடி நொதி குறைந்தவர்களுக்கு இது கடுமையாகும். சிகிச்சை தொடங்கிய முதல் சில வாரங்களில் காய்ச்சல், உடம்பெங்கும் தடிப்பு, மஞ்சள் காமாலை சேர்ந்து வந்தாலும் டாப்சோனை உடனே நிறுத்திவிட்டு ஓடவேண்டியதுதான். மேலூர்க்காரருக்குச் சொன்னது இங்கே பொருந்தாது.

நாட்டு மருந்துக் கடையில் நீரடிமுத்து எண்ணெய் கிடைக்கிறது. அதுவே போதும் என்கிறார்கள். (திருமங்கலம்)

போதாது. ஒரு காலத்தில் உலகமே இதைத்தான் நம்பியது. ஐந்து கார்பன் வளையம் நுனியில் தொங்கும் அரிய கொழுப்பமிலங்கள் இதில் உண்டு. எண்ணெயாகக் குடித்தால் குமட்டும், ஊசியாகப் போட்டால் கட்டிக்கொள்ளும். 1915 வாக்கில் ஹவாயில் ஆலிஸ் பால் என்ற இளம்பெண் அவற்றை எத்தில் எஸ்டராக மாற்றி ஊசிக்கு ஏற்றதாக்கினார். அடுத்த ஆண்டே, 24 வயதில், காலமானார். அவ்வளவு பாடுபட்டும் பலன் ஒருசீராகக் கிடைக்கவில்லை. ப்ரோமின், டாப்சோன் ஆகிய சல்ஃபோன்கள் வந்ததும் அது ஒதுங்கிவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை அட்டை இலவசமாகவே கிடைக்கும்போது எண்ணெய்க்கு ஏன் காசைக் கொட்டுகிறீர்கள்?