பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்ஜினை வீட்டிலேயே பிரிக்கலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 1967 எம்ஜிபி ஒன்று வைத்திருக்கிறேன். நீலப் புகை விடுகிறது, ஆயில் பிரஷர் முள்ளும் மேலே ஏறுவதில்லை. என்ஜினை இறக்கி வீட்டிலேயே வேலை பார்க்க ஆசை. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

பதில்: தாராளமாகச் செய்யுங்கள். அந்த 1798 சிசி என்ஜின் வீட்டில் பிரிப்பதற்குத் தோதானது, பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு, வால்வுகளைத் தள்ளுவது புஷ்ராட் என்ற கோல்கள், சிக்கலான சங்கதி எதுவும் இல்லை. ஆனால் ஸ்பானரை எடுப்பதற்கு முன்னால் நோய் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறக்கத்தில் உருட்டிவிட்டு மறுபடி மிதிக்கும்போது மட்டும் குப்பென்று நீலப் புகை வந்தால் பெரும்பாலும் வால்வு கைடுதான் (வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழாய்) தேய்ந்திருக்கும். இழுக்கும்போதெல்லாம் விடாமல் புகைந்தால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் மேல் சந்தேகப்படலாம். இதை உறுதிசெய்ய, என்ஜின் சூடாக இருக்கும்போது எல்லாப் பிளக்கையும் கழற்றி, திராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து கம்ப்ரெஷன் பாருங்கள். குறைவாகக் காட்டும் சிலிண்டரில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் கோளாறு ரிங்கிலும் போரிலும் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை), ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். ஆயில் பிரஷருக்கும் அப்படித்தான். டாஷ்போர்டு மீட்டரை மட்டும் நம்பி என்ஜினை இறக்க வேண்டாம், நல்ல கேஜ் ஒன்றை நேரடியாக மாட்டிப் பாருங்கள். இந்த என்ஜின் சூடாக ஓடும்போது 50 முதல் 80 பிஎஸ்ஐ, ஐடிலில் 10 முதல் 25 காட்டினால் அதைக் குறை சொல்ல முடியாது.

சரி, பிரித்துத்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் பிளாக்கில் இருக்கும் என்ஜின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 1964 கடைசியில் இந்த என்ஜின், கிராங்க் தண்டைத் தாங்கும் மூன்று மெயின் பேரிங்கிலிருந்து ஐந்துக்கு மாறியது, அதற்கப்புறமும் சின்னச் சின்ன மாற்றங்கள் வந்தன. இத்தனை வருடத்தில் உங்கள் காருக்குள் வேறு காரின் என்ஜின் குடியேறியிருக்கவும் கூடும், அதனால் காரின் வருடத்தைச் சொல்லி உதிரி வாங்காதீர்கள். மெயின் பேரிங் கேப், கனெக்டிங் ராட் கேப் இரண்டும் அதனதன் இடத்தில் மாட்டிய நிலையிலேயே துளைபோட்டுக் கடையப்பட்டவை, இடம் மாறினால் வட்டம் வட்டமாக இருக்காது. எண் அடிக்கப்படாத கேப் இருந்தால் கழற்றுவதற்கு முன்பே எந்த இடம், எந்தப் பக்கம் என்று குறி போடுங்கள். புஷ்ராடுகளை அட்டையில் துளையிட்டு வரிசையாகச் செருகி வையுங்கள்.

புதுப் பாகங்களுக்கு ஆர்டர் கொடுக்கத்தான் எல்லோருக்கும் கை துடிக்கும், அளந்து முடிக்கும்வரை பொறுங்கள். சிலிண்டரின் தேய்மானம் மேல் ரிங் வந்து நின்று திரும்பும் இடத்தில்தான் அதிகம், அதனால் மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்திலும், ஒவ்வொன்றிலும் குறுக்காக இரண்டு திசையிலும் அளக்க வேண்டும். கிராங்க் ஜர்னலையும் (பேரிங்குக்குள் சுழலும் பகுதி) அதேபோல. போர் போடுவதும் (சிலிண்டர் துளையைச் சற்றுப் பெரிதாகக் கடைவது) கிராங்க் கிரைண்டிங்கும் வீட்டு வேலை இல்லை, பட்டறைக்குத்தான் போக வேண்டும். போகும்போது புதுப் பிஸ்டனையும் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள், கையில் இருக்கும் பிஸ்டனை அளந்து அதற்கேற்ற இடைவெளி விட்டுப் போர் போட வேண்டுமே தவிர, போர் போட்டு முடித்துவிட்டுப் பிஸ்டன் தேடக் கூடாது.

பட்டறையிலிருந்து வந்த பிளாக்கைச் சுத்தம் செய்வதில் மட்டும் அவசரமே கூடாது, இதை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன். ஹோனிங் செய்த, அதாவது சாணைக்கல்லால் தேய்த்த, சிலிண்டர் சுவரில் உட்கார்ந்திருக்கும் சாணைத் தூள் பெட்ரோலுக்கோ டீசலுக்கோ போகாது. சூடான தண்ணீர், சோப்பு, பிரஷ், அப்புறம் உலர்ந்ததும் உடனே ஆயில், இல்லாவிட்டால் கண் முன்னாலேயே துருப்பிடிக்கும். ஆயில் தொட்ட வெள்ளைத் துணியால் துடையுங்கள், துணியில் கருப்பு படியாமல் வரும்வரை திரும்பத் திரும்பத் துடையுங்கள். ஆயில் பாதைகளின் அடைப்புகளைக் கழற்றி நீண்ட பிரஷ் விட்டுக் கழுவுவதும் இதில் சேர்த்தி. அங்கே ஒளிந்திருக்கும் ஒரு சின்ன இரும்புத் துகள் முதல் ஸ்டார்ட்டிலேயே புதுப் பேரிங்கைக் கீறிவிடும்.

கேள்வி: பேரிங் புதிது, கிராங்க்கும் கிரைண்ட் செய்தாகிவிட்டது. அப்படியே மாட்டிவிடலாம் அல்லவா?

பதில்: வேண்டாம். பிளாஸ்டிகேஜ் என்று மெல்லிய இழை கிடைக்கும். ஆயில் இல்லாத ஜர்னல் மேல் ஒரு துண்டு வைத்து, கேப்பை டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) காரின் பட்டறைக் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கி, கிராங்கைத் துளியும் சுற்றாமல் மறுபடி கழற்றுங்கள். இழை நசுங்கிய அகலத்தை உறையில் உள்ள அளவுகோலோடு ஒப்பிட்டால் இடைவெளி தெரிந்துவிடும். கூடவே கிராங்கின் முன்பின் ஆட்டத்தையும் டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம், அதில் அந்த ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் திரஸ்ட் வாஷர் தேய்ந்து கீழே விழுந்தால் கிராங்க் நேராகப் பிளாக்கையே தின்ன ஆரம்பித்துவிடும். அந்த வாஷரின் காடி வெட்டிய பக்கம் கிராங்கைப் பார்த்து இருக்க வேண்டும்.

ரிங் இடைவெளியையும் பார்த்துவிடுங்கள். ரிங்கைத் தனியாகப் போருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்துத் தள்ளி நேராக்கி, ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். போர் விட்டம் ஒரு அங்குலத்துக்கு 0.004 அங்குலம் என்பது பொதுக் கணக்கு, ஆனால் ரிங்கோடு வரும் தாளில் வேறு அளவு இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஈயம் கலக்காத பெட்ரோலால் வால்வு சீட் போய்விடும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

பதில்: வார்ப்பிரும்பு ஹெட்டில் சீட் (வால்வு மூடும்போது வந்து உட்காரும் இடம்) நேரடியாகக் கடையப்பட்டிருந்தால், உண்மைதான். முன்பு பெட்ரோலில் இருந்த ஈயம் சீட்டின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து எக்ஸாஸ்ட் வால்வு சீட்டோடு ஒட்டி ஒட்டிப் பிய்வதைத் தடுத்தது. அது இல்லாமல் அதிக வேகத்தில் வெகுநேரம் ஓட்டினால் வால்வு மெல்ல உள்ளே இறங்கும், வால்வு இடைவெளி (மூடிய வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் சந்து) தானாகவே குறைந்துகொண்டே வரும். மெதுவாக ஓட்டுபவருக்கு இது வருடக்கணக்கில் தெரியாமலேகூடப் போகலாம். ஆனால் ஹெட் எப்படியும் பட்டறைக்குப் போகிறது, அப்போதே எக்ஸாஸ்ட் பக்கம் கடினப்படுத்திய சீட் போட்டுவிடுவதே என் யோசனை.

கேள்வி: ஆல்ஃபா ரோமியோ ட்வின் கேம். ஹெட்டைக் கழற்றிவிட்டேன், கிராங்கைச் சுற்றிப் பார்க்கலாமா?

பதில்: இப்போதைக்குத் தொடாதீர்கள். அதன் லைனர்கள் (சிலிண்டராக இருக்கும் தனிக் குழாய்கள்) தண்ணீரில் நிற்பவை, ஹெட்தான் அவற்றை அழுத்திப் பிடிக்கிறது. ஹெட் இல்லாமல் சுற்றினால் பிஸ்டன் லைனரைத் தூக்கி அடி சீலைக் கெடுத்துவிடும். பட்டை வைத்து லைனர்களை இறுக்கிவிட்டுச் சுற்றுங்கள்.

கேள்வி: எல்லாம் மாட்டியாகிவிட்டது, கேம்‌ஷாஃப்ட்டும் புதிது. முதல் ஸ்டார்ட்டில் என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: கேம் புதிதென்றால் அதன் மேல் உட்கார்ந்து புஷ்ராடைத் தள்ளும் டேப்பெட்டும் புதிதாக இருக்க வேண்டும், பழசோடு சேர்த்தால் இரண்டும் கெடும். இந்தத் தட்டை டேப்பெட்டுகள் சுழன்றுகொண்டே தேய வேண்டியவை, முதல் சில நிமிடங்களில்தான் அவை ஒன்றோடொன்று பழகுகின்றன. அதனால் கேம் முகடுகளில் மாலிப்டினம் பேஸ்ட் தடவி, துத்தநாகச் சேர்க்கை அதிகமுள்ள ஆயில் ஊற்றுங்கள். பிளக் போடாமல் ஸ்டார்ட்டரால் சுற்றி ஆயில் பிரஷர் வந்ததைப் பார்த்த பிறகு பிளக்கை மாட்டுங்கள். இக்னிஷன் டைமிங், கார்புரேட்டரில் பெட்ரோல், ரேடியேட்டரில் தண்ணீர் எல்லாம் தயாராக இருக்கட்டும், ஏனென்றால் பிடித்த உடனே ஐடிலுக்கு விடாமல் 2000 ஆர்பிஎம்முக்கு மேல் ஏற்றிக் கிட்டத்தட்ட 20 நிமிடம் வைத்திருக்க வேண்டும். கேம் முகடுகளுக்குப் போகும் ஆயிலில் பெரும்பங்கு கிராங்க் வாரியடிப்பதுதான், ஐடிலில் அது போதாது. நடுவில் ஆயில் பிரஷர் இறங்கினாலோ, ஒழுகினாலோ, சூடு எகிறினாலோ யோசிக்காமல் அணைத்துவிட்டுச் சரிசெய்யுங்கள், மிச்ச நேரத்தை அப்புறம் ஓட்டிக்கொள்ளலாம்.

அது முடிந்ததும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, ரிங் உட்காருவதற்காக ரோட்டில் ஏற்றி இறக்கி, இழுத்து விட்டு ஓட்டுங்கள், நிற்க வைத்து உறுமவிடுவதால் போர் சுவர் பளபளப்பாகிப் புகைதான் மிஞ்சும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும், உங்கள் கேஸ்கெட் மறு இறுக்கம் கேட்கும் வகையாக இருந்தால், என்ஜின் ஆறியிருக்கும்போது ஹெட் நட்டுகளை வரிசைப்படி ஒவ்வொன்றாகச் சற்றே தளர்த்தி மறுபடி சரியான டார்க்குக்கு இறுக்குங்கள். இறுக்கியதும் வால்வு இடைவெளி மாறியிருக்கும், எம்ஜிபிக்கு ஆறிய நிலையில் 0.015 அங்குலம், அதையும் அன்றே சரிபார்த்துவிடுங்கள்.