அம்மோனியாவை மாற்ற வேண்டாம், கண்டன்சரைக் கவனியுங்கள்

கேள்வி: துறைமுகத்துக்கு ஐஸ் கொடுக்கும் அம்மோனியா பிளான்ட் வைத்திருக்கிறோம். எவாப்பரேட்டிவ் கண்டன்சர், அதாவது குழாய்மேல் தண்ணீர் தெளித்து, ஃபேன் காற்று விட்டு உள்ளே இருக்கும் அம்மோனியா ஆவியைத் திரவமாக்கும் வகை. புதிதில் 180 பி.எஸ்.ஐ.யில் நின்ற ஹெட் பிரஷர் (கம்ப்ரஸரிலிருந்து கண்டன்சருக்குப் போகும் பக்கத்து அழுத்தம்) இப்போது 210-க்குப் போகிறது, கரண்ட் பில்லும் ஏறுகிறது. ஃப்ரியானுக்கு மாறிவிடலாமா?
- ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: தயவுசெய்து மாறாதீர்கள். 35 டிகிரியில் ஒரு கிலோ அம்மோனியா ஆவி திரவமாகும்போது சுமார் 1,120 கிலோஜூல் வெப்பத்தை வெளியே விடும்; ஃப்ரியான் வகையான ஆர்-22 விடுவது 170 சொச்சம்தான், அதுவும் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி படிப்படியாக நிறுத்தப்பட்டு வருகிற சரக்கு. அம்மோனியாவால் ஓசோனுக்கும் கேடில்லை, புவி வெப்பமும் ஏறாது.

180 என்றால் அம்மோனியா 35 டிகிரியில் திரவமாகிறது, 210 என்றால் 40 டிகிரியில். ஒவ்வொரு டிகிரிக்கும் கம்ப்ரஸர் 2 முதல் 3 சதவீதம் கூடுதலாகக் கரண்ட் இழுக்கும், பில் ஏறுவது அதனால்தான்.

முதலில் உள்ளே காற்று சேர்ந்திருக்கிறதா பாருங்கள். கம்ப்ரஸரை நிறுத்தி, கண்டன்சரைத் தனியாக அடைத்து, தண்ணீரை மட்டும் ஓட விடுங்கள். கேஜ் அசையாமல் நின்றதும் தண்ணீரின் வெப்பநிலையை அளந்து, அதற்கு அம்மோனியா டேபிளில் உள்ள பிரஷரோடு ஒப்பிடுங்கள். கேஜ் அதைவிட நன்றாக மேலே நின்றால் காற்றுதான், அதை வெளியேற்ற (பர்ஜ் செய்ய) வேண்டும்.

காற்று இல்லையென்றால் கோளாறு அநேகமாகக் குழாயின் வெளிப்பக்கம். உள்ளே அம்மோனியா வெப்பத்தைச் சுலபமாகக் குழாய்ச் சுவருக்குக் கொடுத்துவிடும், அதை வாங்கிக்கொள்ள வேண்டியது வெளியே வழியும் தண்ணீரும் ஃபேன் காற்றும். நடுவில் உப்புப் படிவு உட்கார்ந்தால் கதை முடிந்தது, அது இரும்பைவிட இருபது மடங்குக்கும் மட்டமாகத்தான் வெப்பத்தைக் கடத்தும். ஸ்ப்ரே நாசில் ஒன்று அடைத்தாலும் போதும், தண்ணீர் சரியாக விழாத இடத்தில் நனைவதும் காய்வதுமாக இருந்து அங்கேதான் படிவு சீக்கிரம் ஏறும். நாசில்களை அடிக்கடி கழற்றிக் கழுவுங்கள்.

அப்புறம் பிளீட் வால்வு. ஆவியாவது வெறும் தண்ணீர், உப்பெல்லாம் தொட்டியிலேயே தங்கும், அதனால் கொஞ்சம் தண்ணீரைத் தொடர்ந்து வெளியே விட்டே ஆக வேண்டும். தண்ணீர் விலைக்குப் பயந்து அந்த வால்வை மூடிவிடுகிறார்கள், அங்கே மிச்சம் பிடிப்பதைவிட அதிகமாகக் கரண்டில் போய்விடும் என்பது என் உறுதியான கருத்து.

படிவை எடுக்கக் கடை ஆசிட்டை ஊற்றாதீர்கள், கால்வனைஸ்டு குழாய்க்கு என்று விற்கும் மருந்தையே கேட்டு வாங்குங்கள். துத்தநாகப் பூச்சு போய்விட்டால் உங்கள் ஊர்க் கடற்காற்றுக்குக் குழாய் தாங்காது. ஓட்டை விழுந்தால் கசிவது அம்மோனியா, பக்கத்தில் நிற்பது உங்கள் ஆட்கள்.