தொகுதிக் கணக்கும் பிரசவ வார்டும்

அன்புள்ள ஐயா,

திருமங்கலத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். அப்பாவோடு பிறந்தவர்கள் ஏழு பேர், என்னோடு பிறந்தவர்கள் இரண்டு பேர், எனக்கு இரண்டு பெண்கள். அரசாங்கம் சொன்னதைக் கேட்டு நடந்த குடும்பம் எங்களுடையது. இப்போது பார்த்தால், பிள்ளையைக் குறைத்துக்கொண்டதாலேயே தமிழ்நாட்டுக்கு எம்.பி. தொகுதி குறையும் என்கிறார்கள். மு.க. ஸ்டாலினே மேடையில் சீக்கிரம் பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள் என்று சொன்னார். அப்படியானால் இத்தனை வருடம் நம்மை ஏமாற்றிவிட்டார்களா? போன வாரம் என் தம்பிக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. குடும்பக் கட்டுப்பாடு (கு.க.) பண்ணிவிடலாமா என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். இனி அதெல்லாம் தேவையில்லை என்று சொல்லிவிட்டேன். நான் சொன்னது சரிதானே?

கே., திருமங்கலம்

அன்புள்ள கே.,

தொகுதி விஷயத்தில் உங்கள் கோபம் நியாயமானது. எம்.பி. தொகுதிகளை மக்கள்தொகையை வைத்துத்தான் மாநிலங்களுக்குப் பிரிக்கிறார்கள். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்திய மாநிலம் அதற்காகவே நஷ்டப்படக் கூடாது என்றுதான் 1976இல் அரசியலமைப்பின் 42ஆவது திருத்தம் மூலம் தொகுதி எண்ணிக்கையை 1971 கணக்கெடுப்போடு நிறுத்தி வைத்தார்கள். 84ஆவது திருத்தம் அந்தக் கெடுவை 2026க்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. கெடு முடியப்போகிறது என்பதால்தான் இவ்வளவு பதற்றம். நம் மதுரைக் கிளை உயர் நீதிமன்றமே 2021இல் இதைக் கேட்டது: 41ஆக இருந்த தமிழ்நாட்டு எம்.பி.க்கள் 1967 தேர்தலில் 39 ஆனார்களே, மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்கு இதுதான் பரிசா என்று.

அந்தக் கேள்வியில் எனக்கு ஒரு சின்ன இடறல் உண்டு. அந்த இரண்டு இடங்களும் போனது 1961 கணக்கெடுப்பை வைத்து. 1951க்கும் 1961க்கும் நடுவில் இந்தியா 21 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது. நாம் 12 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. அப்போது கு.க. திட்டம் இங்கே தவழத்தான் ஆரம்பித்திருந்தது. அதனால் 'அரசாங்கம் சொன்னது, நாம் கேட்டோம், ஏமாந்தோம்' என்பது முழுக்கதை இல்லை. தொகுதிப் பஞ்சாயத்தை நாடாளுமன்றத்தில் வைத்துக்கொள்ளலாம். உங்கள் தம்பி மனைவியின் வயிற்றில் எதற்கு?

சரி, பிள்ளையைக் குறைத்தது யார்? திண்டுக்கல் இன்னும் மதுரை மாவட்டத்தில் இருந்த காலத்தில், காந்திகிராமத்தை ஒட்டிய ஆத்தூர் வட்டாரத்தில் ஒரு குடும்பநலச் சோதனை நடந்தது. காந்திகிராமத்தைத் தொடங்கிய சௌந்தரம் ராமச்சந்திரன் ஒரு டாக்டர். 1959இல் ஆயிரம் பேருக்கு 43 என்றிருந்த பிறப்பு விகிதம் 1968வாக்கில் 28 அளவுக்கு வந்தது. யாரையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய் அறுக்கவில்லை. ஊரிலேயே பத்துப் பேர் மதிக்கிறவர்களைப் பிடித்து, வீடு வீடாகப் பேசவைத்து, பிறந்த பிள்ளை செத்துப்போகாமலும் பார்த்துக்கொண்டார்கள். பிறந்தது தங்கும் என்ற நம்பிக்கை வந்துவிட்டால், அம்மாக்களே போதும் என்று சொல்லிவிடுவார்கள். பெண்கள் பள்ளிக்கூடம் போனதும், கல்யாண வயது தள்ளிப்போனதும் மீதியைச் செய்தன. பெரியார் 1930களிலேயே கர்ப்பத்தடையை நாட்டு வறுமைக்கு மருந்தாகக் கேட்கவில்லை, பெண் விடுதலைக்காகக் கேட்டார். அன்றைக்கு அது கெட்ட வார்த்தை.

இதில் ஆண்களின் பங்கு என்ன? 1960களில் கு.க. ஆபரேஷன் என்றாலே பெரும்பாலும் ஆண்களுக்குத்தான். அப்புறம் எமர்ஜென்சி வந்தது. 1976-77இல் ஒரே வருடத்தில் நாடு முழுக்க 80 லட்சத்துக்கு மேல் ஆபரேஷன், முக்கால்வாசி ஆண்கள், அதிலும் வடக்கே பலரைப் பிடித்து இழுத்துப்போனார்கள். அடுத்த தேர்தலில் அதற்குப் பதில் கிடைத்தது. அதன் பிறகு அரசுகள் ஆண்கள் பக்கம் போகத் தயங்கின. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேல் கு.க. செய்துகொண்டவர்கள். ஆண்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் சுகாதார நர்சோடு வீடு வீடாகப் போயிருக்கிறேன். கையில் தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு. ஒரு வீட்டு வாசலில் புருஷன்காரர் சொன்னார்: "நான் மூட்டை தூக்குறவன் நர்சம்மா. எனக்கு அத அறுத்துவிட்டா அப்புறம் எப்படிப் பொழைக்கிறது?" பக்கத்தில் அவர் மனைவி, ஒரு இடுப்பில் பிள்ளை, இன்னொரு இடுப்பில் தண்ணீர்க் குடம். நூறு நாள் வேலைக்குப் போய் மண் சுமந்துவிட்டு வந்தவர். நர்ஸ் ஒன்றும் பேசவில்லை. குறிப்பு என்ற கட்டத்தில் 'மனைவி சம்மதம்' என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

அதே உசிலம்பட்டிப் பக்கம்தான் 1980களில் பெண் சிசுக்கொலைக்காக நாடெங்கும் பேசப்பட்டது. 'ரெண்டு போதும்' என்பது 'அதில் ஒன்றாவது பையன்' என்பதோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். இரண்டு பெண்களோடு நிறுத்திய உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கு.க. வேண்டாம் என்று சொன்னது நீங்கள். வேண்டும் என்றது ஆஸ்பத்திரி. தம்பி மனைவி என்ன சொன்னார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. முதலில் அவரைக் கேளுங்கள். நீங்கள் கேட்காதீர்கள், தம்பி கேட்கட்டும், மாமியார் பக்கத்தில் இல்லாத நேரத்தில். இப்போதே முடிவெடுக்க முடியவில்லை என்றால் காப்பர் டி இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். வகையைப் பொறுத்து ஐந்து முதல் பத்து வருடம் தாங்கும், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம்.

இனிப் பிள்ளையே வேண்டாம் என்று இருவரும் தீர்மானித்துவிட்டார்கள் என்றால், தம்பியையே அனுப்புங்கள். தழும்பில்லாத வாசக்டமியில், அதாவது ஆண்களுக்கான கு.க. ஆபரேஷனில், கத்தியே கிடையாது. சின்னத் துளை, கால் மணி நேர வேலை, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். ஆண்மை எங்கும் போகாது. வயிற்றைத் திறந்து செய்கிற பெண்கள் ஆபரேஷனைவிட இதில் ஆபத்து குறைவு. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: ஆபரேஷன் முடிந்ததும் பலன் வந்துவிடாது. மூன்று மாதம் நிரோத் (ஆணுறை) போட வேண்டும், பிறகு விந்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். தம்பியும் உங்கள் கடையில்தான் என்றால், ஒரு வாரம் அவரைச் சிமெண்டு மூட்டைப் பக்கம் விடாதீர்கள், கல்லாவில் உட்கார வையுங்கள்.