தங்கக் கரைசலும் அப்பாவின் டோபமைனும்

கேள்வி: அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். லெவோடோபா மாத்திரை சாப்பிடுகிறார். தங்க நானோ துகள் கலந்த நீரில் மூளை ரசாயனமான டோபமைன் பட்டால் நிறம் மாறும் என்று படித்தேன். அப்பாவின் சிறுநீரை வீட்டிலேயே இப்படிச் சோதித்து, மருந்து அளவு போதுமா என்று பார்க்க முடியுமா? – வாசகி, கரூர்

பதில்: முடியாது, அம்மா. யாராவது அப்படி ஒரு கிட் விற்க வந்தாலும் வாங்காதீர்கள். ஆனால் நீங்கள் படித்த செய்தி பொய்யில்லை.

வேதியியல் ஆசிரியையான நான் முதுநிலை மாணவர்களுக்கு ஆசையோடு செய்துகாட்டும் சோதனை இது. வெளிர்மஞ்சளான தங்க உப்புக் கரைசலைக் கொதிக்கவைத்து, சோடியம் சிட்ரேட் ஊற்றுவோம். மஞ்சள் மறையும், கொஞ்சம் கறுக்கும், அப்புறம் மாதுளைச் சாறு போலச் சிவக்கும். வேதியியலாளர் துர்கேவிச்சின் குழுவினர் 1951-இல் விரிவாக எழுதிய முறை. உள்ளே மிதப்பவை சுமார் 15 நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்கள். அவை விலகி நிற்கும்வரை சிவப்பு. கொஞ்சம் உப்பு நீர் விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கண்ணெதிரே கரைசல் நீலமாகும்.

டோபமைனைக் கண்டுபிடிக்கும் ஒரு முறை இந்த உப்பைத்தான் நம்பியிருக்கிறது. ஆப்டமர் எனப்படும் சிறு டிஎன்ஏ இழை துகள்களின் மேல் படிந்து, உப்பிலிருந்து காக்கும். டோபமைன் வந்ததும் இழை அதைப் பற்றிக்கொண்டு துகளை விட்டுவிடும். காவல் போன துகள்கள் உப்பில் ஒட்டி நீலமாகும். பெரிய கருவி இல்லாமல் கண்ணாலேயே பார்த்துவிடலாம் என்பதுதான் இதன் அழகு.

சரி, சிறுநீரில் ஏன் கூடாது? அதிலேயே உப்பு இருக்கிறது; டோபமைன் இல்லாமலும் நிறம் மாறலாம். யூரிக் அமிலம், வைட்டமின் சி எல்லாம் குறுக்கே வரும். இவற்றையெல்லாம் நீக்கினாலும் பெரிய சிக்கல் அப்படியே நிற்கும். சிறுநீரில் வரும் டோபமைனில் பெரும்பகுதி சிறுநீரகத்திலேயே உண்டாவது. டோபமைன் ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பைத் தாண்டாது. அதனால்தான் அந்தத் தடுப்பைத் தாண்டி மூளைக்குள் டோபமைனாக மாறக்கூடிய லெவோடோபாவை அப்பாவுக்குக் கொடுக்கிறார்கள். அந்த மாத்திரையில் ஒரு பங்கு மூளைக்கு வெளியேயும் டோபமைனாக மாறிச் சிறுநீரில் சேரும். ஆக, மூளையில் தட்டுப்பாடு இருக்கும்போதே சிறுநீரில் தாராளமாகத் தெரியும். அதைப் பார்த்து மாத்திரையைக் குறைத்தால் அப்பாவுக்குத்தான் கஷ்டம்.

சிறுநீரகத்தின் மேலே இருக்கும் அட்ரீனல் சுரப்பியில் வரும் ஃபியோக்ரோமோசைட்டோமா கட்டி வேறு கதை. அங்கே டோபமைன் வகை ரசாயனங்களும் அவற்றின் சிதைபொருள்களும் ரத்தத்திலும் சிறுநீரிலும் கூடுவதே முக்கியத் தடயம். ஊர்ப்புற ஆய்வகங்களுக்கும் எட்டும் விலையில் அந்தச் சோதனைகள் வர நிறமாற்ற முறை உதவ வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

உங்களுக்கு இன்றே உதவுவது ஒரு நோட்டுப் புத்தகம். மாத்திரை சாப்பிட்ட நேரம், கை நடுக்கம் அடங்கிய நேரம், மறுபடி விறைப்பு தொடங்கிய நேரம், என்ன சாப்பிட்டார் என்பதை எழுதுங்கள். பருப்பு, முட்டை போன்ற புரத உணவு சிலருக்கு லெவோடோபாவின் பலனைக் குறைக்கும். நரம்பியல் மருத்துவர் மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்ற அந்தக் குறிப்பு நேரடியாகப் பயன்படும்.