பிப்ரவரி கடைசியில் நியூசிலாந்து ஆற்றில் டிரவுட் மீன் பிடிக்க எந்த நேரம், எந்த ஈ (பூச்சி மாதிரிக் கட்டிய செயற்கை இரை)?

சிங்கப்பூரின் பிடோக் ஜெட்டியில் தூண்டிலில் இறால் கோத்துப் பழகிய நமக்கு இது வேறு உலகம். அங்கே அது கோடையின் கடைசி. முதலில் தண்ணீரில் தெர்மாமீட்டரை வையுங்கள். 20 டிகிரி செல்சியஸை நெருங்கினால் ஆக்ஸிஜன் குறைந்து மீன் சோர்ந்துவிடும். திரும்ப விட்டாலும் பிழைப்பது கஷ்டம். தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். அதனால் தண்ணீர் குளிர்ந்திருக்கும் விடியற்காலையே நல்லது.

மலையடி ஆறு குளிர்ச்சியாகவே இருந்தால், வெயில் ஏறியபின் கொண்டாட்டம்தான். கரையோர மரங்களிலிருந்து சிள்வண்டுகள் தண்ணீரில் விழும். டிரவுட் மேலே வந்து விழுங்கும். சிள்வண்டு மாதிரி மிதக்கும் ஈயைக் கிளைக்கு அடியில் போடுங்கள். வாய் திறந்ததும் இழுக்காதீர்கள். வாயை மூடித் தலை கீழே போகட்டும், அப்புறம் தூக்குங்கள்.

மீன்பிடி உரிமம் கட்டாயம். ஃபெல்ட் (அழுத்திய கம்பளி) அடி வைத்த காலணிக்கு 2008-இல் தடை போட்டார்கள். அது டிடிமோ என்ற பாசியை ஆற்றுக்கு ஆறு பரப்பும் என்பதால்.