எல்என்ஜியில், அதாவது குளிர்வித்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயுவில், ஓடும் கப்பலில் என்னென்ன சிக்கல் வரும்? டீசல் கப்பலிலிருந்து மாறும் இன்ஜினியர் எதைக் கவனிக்க வேண்டும்?

இன்ஜினை அல்ல, டேங்க் அழுத்தத்தை முதலில் கவனியுங்கள். டீசல் டேங்கில் அளவு தெரிந்தால் போதும். எல்என்ஜி டேங்கில் அளவு, அழுத்தம், வெப்பநிலை மூன்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

பால்டிக்கில் 2013 முதல் ஓடும் வைக்கிங் கிரேஸ் போன்ற ஃபெரிகளில் உள்ள அமைப்பை வைத்துச் சொல்கிறேன்: சி வகை அழுத்த டேங்க், கேஸிலும் டீசலிலும் ஓடும் நான்கு ஸ்ட்ரோக் இரட்டை எரிபொருள் இன்ஜின். இந்த வகை இன்ஜினுக்கு ஏறக்குறைய 5-6 பார் அழுத்தத்தில் கேஸ் வேண்டும். பம்ப் இல்லாத டேங்கில் கொஞ்சம் எல்என்ஜியை ஆவியாக்கி மேலே திருப்பி அனுப்பித்தான் அந்த அழுத்தத்தை உண்டாக்குகிறார்கள். அதனால் மேலே இதமான ஆவியும் கீழே மைனஸ் 160 டிகிரியை ஒட்டிய திரவமும் இருக்கும். அலையில் கப்பல் ஆடியதும் இரண்டும் கலந்து, ஆவி திரவமாகி, அழுத்தம் சரிந்துவிடும். கேஸ் போதாமல் இன்ஜின் டீசலுக்குத் தாவும்.

பங்கரிங்கிலும், அதாவது கப்பலுக்கு எரிபொருள் ஏற்றும்போதும், இதே கதைதான். மேல் ஸ்ப்ரே வழியாக ஏற்றினால் ஆவி குளிர்ந்து அழுத்தம் இறங்கும், எல்என்ஜி வேகமாக ஏறும். ஆனால் முழுவதையும் அப்படியே ஏற்றிவிட்டு உடனே கிளம்பினால் இன்ஜினுக்குக் கொடுக்க அழுத்தம் இருக்காது. அழுத்தம் கூடும்போது மேலிருந்தும், குறையும்போது அடியிலிருந்தும் என்று மாற்றி மாற்றி ஏற்றி, வேலை அழுத்தத்தில் முடியுங்கள். எரிபொருள் குழாயை இணைக்கும் மேனிஃபோல்டுக்குக் கீழே கப்பல் பக்கவாட்டில் தண்ணீர்த் திரை ஓடிக்கொண்டே இருக்கட்டும். எல்என்ஜி சிந்தினால் சாதாரணக் கப்பல் எஃகு கண்ணாடி போல விரிசல் விடும்.

கேஸிலிருந்து டீசலுக்கு எந்த லோடிலும் உடனே மாறலாம். திரும்பி வர லோடு சுமார் 80 சதவீதத்துக்குக் கீழே இருக்கவேண்டும், ஒரு நிமிடம்போல ஆகும். ஆகவே மோசமான வானிலையில், குறுகிய கால்வாயில் நுழையும் முன்பே நீங்களாக டீசலுக்கு மாற்றிவிடுவது நல்லது.

நாக்கிங் (கேஸ் சிலிண்டரில் கட்டுப்பாடின்றி எரிந்து தட்டுவது) வந்தால் உடனே இன்ஜெக்டரைக் கழற்றாதீர்கள். டேங்கில் பல நாள் கிடந்த எல்என்ஜியில் மீத்தேன் முதலில் ஆவியாகிப் போய், ஈத்தேனும் புரோப்பேனும் செறிந்துவிடும். நாக்கிங்கைத் தாங்கும் திறனைக் காட்டும் மீத்தேன் எண் இறங்கும். பங்கர் சீட்டில் உள்ள எண் அன்றைய எண் மட்டுமே. இன்ஜினுக்குள் போகும் காற்றின் (சார்ஜ் ஏர்) வெப்பநிலையையும் பார்த்துவிட்டு, லோடைக் குறைத்து, மெதுவாக ஏற்றுங்கள்.

இன்ஜினுக்குப் போகும் கேஸைக் கட்டுப்படுத்தும் கேஸ் வால்வு யூனிட்டின் கசிவுச் சோதனை அடிக்கடி தோற்றால், பெரும்பாலும் வால்வு சீட்டில் ஒட்டிய வெல்டிங் துகள்தான். புதுக் கப்பலில் ஃபில்டரை அடிக்கடி திறந்து பாருங்கள். எல்என்ஜியைச் சூடாக்கி கேஸாக்கும் ஆவியாக்கிக்குப் போகும், உறைவைத் தடுக்கும் கிளைக்கோல் கலந்த தண்ணீரின் விகிதத்தையும் ஓட்டத்தையும் சோதியுங்கள். ஓட்டம் நின்றால் உள்ளே உறைந்து குழாய் வெடிக்கும்.

கடைசியாக மீத்தேன் நழுவல். குறைந்த லோடில் எரியாத மீத்தேன் புகைபோக்கி வழியாகப் போவது கூடும். 20 ஆண்டுக் கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்குக்கு மேல் சூடேற்றும். கப்பல் எரிபொருளுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் ஃபியூயல்இயூ விதி இவ்வகை இன்ஜினுக்கு 3.1 சதவீதம் நழுவுவதாக எடுத்துக்கொள்கிறது. நான்கு இன்ஜினை 35 சதவீதத்தில் ஓட்டாமல், பவர் இருப்பு அனுமதிக்கும்போது இரண்டை 70-இல் ஓட்டுங்கள்.