ஏழரைக் கோடி ரூபாவும் உப்புவெளி மேசையும்

அன்புள்ள அக்காவுக்கு,

போன கிழமை மகனைக் கூட்டிக்கொண்டு வந்தபோது உங்கள் முகத்தில் இருந்த கவலை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. ஏ எல் (உயர்தர) பரீட்சைக்குப் பத்து மாதம்தான் இருக்கிறது, பெடியன் பின்னேர ரியூசனை விட்டுவிட்டு உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியில், கோலால் பந்துகளைக் குழிக்குள் தள்ளி ஆடும் பூல் மேசையே கதியென்று கிடக்கிறான் என்றீர்கள். "கோடிக்கணக்கில் பரிசு கிடைக்கும் எண்டு யாரோ இவனை ஏமாத்திப்போட்டாங்கள் சேர்" என்றும் சொன்னீர்கள். அன்று நேரம் போதவில்லை. அதனால்தான் ஆறுதலாக எழுதுகிறேன். இதே கேள்வியோடு வேறு இரண்டு பெற்றோரும் வந்தார்கள், அவர்களும் வாசிக்கட்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மகனை யாரும் ஏமாற்றவில்லை. 2024இல் சவூதி அரேபியாவின் ஜெத்தாவில் நடந்த உலக பூல் சம்பியன்ஷிப்பின் மொத்தப் பரிசு 10 இலட்சம் டொலர். வென்ற ஃபெடோர் கோர்ஸ்டுக்கு 250,000 டொலர். டொலரை 300 ரூபாவாகப் போட்டால் ஏழரைக் கோடி. அதே ஆண்டு அமெரிக்காவில் யூ.எஸ். ஓப்பன் போட்டியையும் அவரே வென்று 100,000 டொலர் எடுத்தார். இரண்டு வருடத்துக்கு முன் அதே யூ.எஸ். ஓப்பனின் முதல் பரிசு 50,000தான். காசு கூடிக்கொண்டு வருவது உண்மை. இதை நீங்கள் ஏற்றுக்கொண்டால்தான் அடுத்து நீங்கள் சொல்லப்போவதை மகன் காது கொடுத்துக் கேட்பான்.

அன்று அவன் போனை எடுத்து எனக்குப் பரிசுப் பட்டியலைக் காட்டியது நினைவிருக்கிறதா? பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் நீலச் சோக்குப் பொடி அப்பியிருந்தது. முதல் வரியைக் காட்டினான், இரண்டாம் வரியைக் காட்டினான், போனை மூடப் போனான். "தம்பி, கீழே இழு" என்றேன். ஒரு பரிசுப் பட்டியலை அடியிலிருந்துதான் வாசிக்க வேண்டும். புதிதாகப் போகிற ஒருவன் முதலில் நிற்கப்போகும் இடம் அங்கேதான் இருக்கிறது.

ஜெத்தாக் கணக்கையே பார்ப்போம். 128 பேர் ஆடுகிறார்கள். முதலாமவருக்கு 250,000, இரண்டாமவருக்கு 100,000. மொத்தத்தில் 35 சதவீதம் இந்த இரண்டு பேரோடு போய்விடுகிறது. மிச்சம் 650,000 டொலர், 126 பேர். சமமாகப் பிரித்தாலே ஆளுக்கு ஐயாயிரத்துச் சொச்சம்தான் வரும். ஆனால் சமமாகப் பிரிப்பதில்லை. அரையிறுதி, காலிறுதி என்று மேலே உள்ளவர்கள் பெரும்பங்கை எடுத்துக்கொண்ட பிறகுதான் கீழே இறங்கும். முதற்கட்டத்தில் இரண்டு முறை தோற்றால் ஆள் வெளியே. கடைசி 64 பேர் கட்டம் வந்துவிட்டால் ஒரே தோல்வியோடு முடிந்தது. இதே போட்டியின் 2025 இறுதியாட்டத்தில் பிலிப்பைன்ஸின் கார்லோ பியாடோ 15-13 என்று கோர்ஸ்டை வென்றார். உச்சியிலேயே வித்தியாசம் இரண்டு ஆட்டம்தான் அக்கா.

இனி செலவுப் பக்கத்துக்கு வாருங்கள். திருகோணமலையிலிருந்து இரவு ரயிலில் கொழும்பு, வீசா, விமான டிக்கட், ஒரு கிழமை தங்குமிடம், சாப்பாடு, நுழைவுக் கட்டணம். எல்லாம் ஆடுபவன் கைக்காசு. ஒரு கணக்குக்கு, அமெரிக்கப் போட்டியொன்றில் மகன் 3,000 டொலர் வென்றான் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது இலட்சம் ரூபா. வெளிநாட்டு ஆட்டக்காரரின் பரிசில் 30 சதவீதத்தை அங்கேயே வரியாகப் பிடித்துக்கொள்வது வழக்கம். மிச்சம் ஆறு இலட்சத்து முப்பதாயிரம். போய்வர எட்டு இலட்சம் முடிந்திருந்தால், பரிசு வென்ற பிள்ளை ஒரு இலட்சத்து எழுபதாயிரம் கடனோடு வீட்டுக்கு வருகிறான். பேப்பரில் படம் வரும், ஊர் வாழ்த்தும். கடன் உங்கள் வீட்டுக்குள்தான் இருக்கும்.

இந்த இடத்தில்தான் செலவைப் பொறுப்பேற்கிறேன் என்று ஒருவர் வருவார். பூல் உலகில் இது பழைய வழக்கம். ஒருவர் காசு போடுவார், வெற்றியில் பாதியோ அதற்குக் கூடவோ எடுத்துக்கொள்வார். அதில் தப்பில்லை. ஆனால் தோற்றால் யார் கணக்கு, எத்தனை போட்டிக்கு ஒப்பந்தம், முதலில் செலவைக் கழித்துவிட்டுப் பிரிப்பதா, பிரித்த பிறகு கழிப்பதா, எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். மகனுக்குப் பதினெட்டு ஆகும்வரை உங்கள் கையெழுத்து இல்லாமல் யாரிடமும் ஐந்து சதம் வாங்கக் கூடாது. விடுதியில் ஆட்டத்துக்கு ஐந்நூறு, ஆயிரம் என்று பந்தயம் கட்டி ஆடுவதாக அவனே என்னிடம் சொன்னான். அதை இன்றைக்கே நிறுத்தச் சொல்லுங்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அறிவித்த பரிசெல்லாம் கைக்கு வந்துவிடும் என்றும் நினைக்கக் கூடாது. 2006இல் அமெரிக்காவின் ரீனோவில் இன்டர்நேஷனல் பூல் டூர் என்ற அமைப்பு, பூலில் ஒரு வகையான எட்டுப் பந்து ஆட்டத்தில் ஒரு பெரிய போட்டி வைத்தது. பிலிப்பைன்ஸின் எஃப்ரன் ரேயஸ் முதலிடம், பரிசு 500,000 டொலர். பூல் வரலாற்றில் அதுவரை யாரும் கேள்விப்படாத தொகை. ஆனால் போட்டி முடிந்ததும் பணத்தை ஒரே தடவையில் கொடுக்க அமைப்பாளர்களால் முடியவில்லை, தவணை முறையில் தருவோம் என்றார்கள். அந்தச் சுற்றுப் போட்டியும் நின்றுபோனது. ரேயஸ் போன்ற மேதைக்கே இந்த நிலை. ஆகவே ஒரு போட்டி விளம்பரத்தைப் பார்த்தால் மகன் தொகையைப் பார்க்கும் முன் கேட்க வேண்டியது, காசு எங்கிருந்து வருகிறது என்பது. அனுசரணையாளர் கொடுப்பதா, நுழைவுக் கட்டணத்தில் சேர்வதா, ஏற்கனவே வங்கியில் இருக்கிறதா? "மேலதிகமாகச் சேர்த்த பணம்" என்று தனியாகப் போட்டிருக்கும் தொகைதான் வெளியிலிருந்து வருவது. மற்றது ஆட்டக்காரர்கள் கட்டிய காசே திரும்பி வருகிறது.

சரி, விளையாட்டை விட்டுவிடச் சொல்லவா? இல்லை அக்கா. அவன் கோலைப் பிடிக்கிற விதத்தையும், ஒரு பந்தை அடிக்கும் முன் அடுத்த மூன்று பந்தை யோசிப்பதையும் நான் விடுதியில் போய் நின்று பார்த்தேன். பொறுமை இருக்கிறது. 1973இல் பம்பாயில், பூலைப் போலவே கோலும் பந்தும் கொண்டு ஆடும் பில்லியாட்ஸில் உலக அமெச்சூர் பட்டத்தை வென்றவர் நம் நாட்டு எம். ஜே. எம். லாஃபிர். இந்தத் தீவில் இந்தக் கை வராது என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் தயாராகிவிட்டான் என்று நினைப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் தையல் பெட்டியிலிருக்கும் அளவு நாடாவைக் கொடுத்து, அந்த விடுதி மேசையை உள்விளிம்பிலிருந்து உள்விளிம்பு வரை அளக்கச் சொல்லுங்கள். உலகப் போட்டி ஒன்பது அடி மேசையில் நடக்கிறது, ஆடுபரப்பு 100 அங்குலத்துக்கு 50. இது ஏழடி மேசை என்றுதான் என் கண்ணுக்குப் பட்டது, எண்பது அங்குலத்தைத் தாண்டாது. சின்ன மேசையில் பத்துக்கு எட்டு விழுகிற அடி, பெரிய மேசையில் அப்படி விழாது. விடுமுறைக்குக் கொழும்பு போகும்போது ஒன்பது அடி மேசையில் ஒரு வாரம் ஆட விடுங்கள். அங்கே அவனைவிட நன்றாக ஆடுகிறவர்களைச் சந்திப்பான். நான் நூறு தடவை சொல்வதைவிட அந்த ஒரு வாரம் அவனுக்கு நிறையச் சொல்லிக்கொடுக்கும்.

அதுவரை ஏ எல் கட்டாயம். வர்த்தகப் பிரிவில் படிக்கிறான், மேலே நான் போட்ட கணக்கெல்லாம் அவன் பாடப் புத்தகத்தில் இருப்பதுதான். கிழமை நாட்களில் ரியூசன் முடிந்து ஒரு மணித்தியாலம், சனிக்கிழமை மூன்று மணித்தியாலம் ஆடட்டும். ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி, ஒரு பக்கம் ஆட்டக் கணக்கும் மறுபக்கம் செலவும் எழுதச் சொல்லுங்கள். இந்தியாவில் நடக்கும் ஒரு போட்டிக்குப் போய்வர எவ்வளவு முடியும் என்று அவனே டிக்கட் விலை விசாரித்து எழுதட்டும். நீங்கள் எழுதிக் கொடுக்க வேண்டாம்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு பின்னேரம் நான் வீட்டில் இருப்பேன். மகனையும் கூட்டி வாருங்கள், கொப்பியையும் கொண்டுவரச் சொல்லுங்கள். மேசை எத்தனை அங்குலம் என்று கட்டாயம் கேட்பேன்.